கம்பிக்கு அந்தப் பக்கம் தாய்

இல்லை, பூசவில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய்ப் போத்தலை உன் அம்மா கொண்டுவந்து தந்தார். பல்லரோ சந்தைக்குப் பின்னால், அதே தமிழ்க் கடையில் வாங்கியதாம். "நெஞ்சிலை பூசிவிடு பிள்ளை. கெதியா மறந்திடுவாள்." என் மகளுக்கு ஒன்றரை வயது. திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அவளோ என் பாலை விடுவதாயில்லை. வேறு யார் கையிலும் உண்பதுமில்லை.

அந்த மணம். நீ வேலை செய்த பண்ணை.

பலெர்மோவுக்கு மேலே, மலையில். சிவப்பு மாடுகள், இறைச்சிக்கு வளர்ப்பவை. ஒன்றாகப் பல்கலைக்கழகம் போனோம். நான் நகரத்தில் தங்கினேன், நீ மாடுகளிடம் போனாய். லிபெர்த்தா வீதிப் பணக்கார வீடுகளைத் துடைத்து உன்னைப் படிக்கவைத்த அம்மா தலையிலடித்துக்கொண்டார்.

"மாடு மேய்க்கவோடி இத்தாலிக்கு வந்தனாங்கள்?"

"ஓமம்மா. சம்பளத்தோடை."

மகள் பிறப்பதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில், கன்றுகளைப் பால் மறக்கப்பண்ணும் நாளுக்கு என்னை அழைத்தாய். அதுவரை முதலாளி அவற்றை லொறியில் ஏற்றித் தூரத்துக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். நீ வேறொன்று கேட்டாய். ஒரே புல்வெளி, நடுவில் கம்பிவேலி. இந்தப் பக்கம் கன்றுகள், அந்தப் பக்கம் தாய்கள். எப்படியும் இறைச்சிக்குத்தானே, நாள்கணக்காகக் கத்துவதை யார் கேட்பது என்றார் முதலாளிக் கிழவர். நான் கேட்கிறேன் என்றாய்.

கேட்டாய்.

அன்றும் உன் அம்மா இதே எண்ணெயை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார், பசுக்களின் மடியில் பூச. நீ விரலில் தொட்டு நாக்கில் வைத்தாய். முகம் கோணியது.

"சீ! தாய் கைச்சுப்போனாள் எண்டெல்லே கண்டுக்குட்டி நினைக்கும்? தாயிலை என்ன பிழை?"

"அப்ப அம்மாட்டை என்ன சொல்ல?"

"பூசிட்டாள் எண்டு சொல்லு."

ஒரு கன்றின் காதுப் புண்ணில், ஈ மொய்க்காமலிருக்கப் பூசினாய். பொய்யில்லை.

பிறகு கத்தல். மலை முழுவதும். கன்றுகள் கம்பியில் மூக்கை வைத்தன. தாய்கள் மறுபக்கமிருந்து நக்கின. வயிற்றில் மகளோடு நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீ பொத்தவில்லை. தளர்ந்த கம்பியை இறுக்கி, இரு பக்கமும் வைக்கோல் போட்டு, வேலியோரம் நடந்துகொண்டேயிருந்தாய்.

"பாக்கட்டும். மணக்கட்டும். பால் மட்டும்தான் இல்லை எண்டு விளங்கட்டும்."

சில நாளில் ஒரு படம் அனுப்பினாய். கம்பிக்கு இரு பக்கமும் தாயும் கன்றும் படுத்திருந்தன, முதுகோடு முதுகு. கன்றின் வாயில் வைக்கோல்.

அதே மழைக்காலத்தில் உன் கார் மலைப்பாதையில் சறுக்கியது. மகள் பிறந்தபோது நீ இல்லை.

அசிலோவில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கும் சின்யோரா சொல்கிறார், அவள் விளையாடும்போது நான் சத்தமில்லாமல் மறைந்துவிட வேண்டுமாம். பிரிவைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். உன்னைப்போல "நான் கேட்கிறேன்" என்று எவரும் எழுதியிருக்கவில்லை.

திங்கள் மாலை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். காலையில் அவளை உள்ளே விட்டு, முற்றத்துக் கம்பிவேலிக்கு வெளியே, அவள் கண்ணில் படும் இடத்தில் நின்றேன். கத்தினாள். காதைப் பொத்தவில்லை. "இஞ்சைதான் நிக்கிறன் குஞ்சு." ஓடிவந்து கம்பிக்குள்ளால் என் விரலைப் பிடித்தாள். நெடுநேரம். பிறகு சின்யோராவின் கையிலிருந்து ஒரு துண்டுப் பாணை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "போட்டு வாறன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.

வீடு வந்ததும் அவள் காலில் நுளம்பு கடித்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவினேன். உன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்: "பூசிட்டன்."