கருப்பன் ஏறிய முதுகு

என் செல்ல மகளே,

ஜெயித்துவிட்டோமடி! நம் அடைகோழி அடைகாத்த முட்டைகள் எல்லாம் கூமுட்டையாகப் போயின. ஆனாலும் அவள் எழுந்திருக்கவே இல்லை. அதனால் பல்புச் சூட்டில் பொரித்த குஞ்சுகளை அவளிடம் விடப்போகிறேன் என்றேன்.

"அதெல்லாம் அவ பொரிச்ச குஞ்சா? கொத்தியே கொன்னுடுவா. உன் பாச்சா அவகிட்ட பலிக்காது" என்றார் உன் அப்பா.

பொழுது சாய்ந்ததும் கூமுட்டைகளை எடுத்துவிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அவள் வயிற்றுக்கடியில் தள்ளினேன். என் கையைத்தான் கொத்தினாள், குஞ்சுகளைத் தொடவில்லை. கருப்புக் குஞ்சு ஒன்று மட்டும் கிட்டவே போகாமல் மூலையில் நின்று கத்தியது. அவளும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று காலையில் பார்த்தால், கருப்பன் துரை மாதிரி அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறான்! மூக்குடைந்த உன் அப்பா கூண்டுப் பக்கமே வரவில்லை.

மாப்பிள்ளையின் முதல் தாரத்துப் பையன் உன்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று அழுது எழுதியிருந்தாய். பள்ளிக்கூட லீவு விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு வா. கருப்பனை அவனுக்கென்றே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய பாட்டி