அவருக்குக் கிடைத்த கைதட்டல்

வெள்ளிக்கிழமை, இரவு

தையலகத்தில் தேநீர் வேளைகளில் நான் உரக்க வாசித்துவந்த மர்ம நாவல் இன்று நிறைவுற்றது. கொலையாளி, இறுதி அத்தியாயம்வரை பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் இரட்டைச் சகோதரன்! நேற்றே தனியே படித்து அருவருப்படைந்தேன். நானே முயன்று எழுத்தறிந்தவள். எந்த நூலையும் மதித்தே திறப்பவள். இத்தனை புகழ்பெற்ற எழுத்தாளர் வாசகரை இவ்வளவு இழிவாகவா எண்ணுவது?

"இவர்ர போன கதை மாதிரி இதுவும் ஏமாத்தினா, இனி ரேடியோதான் அக்கா" என்று உடன் தைக்கும் பரீதா முன்பே எச்சரித்திருந்தாள். வாசிப்பை இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, கதையில் வரும் கணக்குப்பிள்ளையே கொலையாளி என நானே ஒரு முடிவைப் புனைந்து வாசித்தேன்.

எல்லோரும் கைதட்டினர்.

"மனுசன் மறுகா எழும்பிற்றார்!" என்று எழுத்தாளரை மெச்சினாள் பரீதா.

"அந்தக் கணக்குப்பிள்ளைட முழி சரியில்லையெண்டு நான் அப்பவே சொன்னன்கா" என்றாள் பக்கத்து மெஷின் மலர்.

என் உழைப்புக்கு அந்த மனிதருக்குப் புகழ்மாலை! அவருடைய அடுத்த நூலையும் வாங்கப்போகிறார்களாம். புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன்.

ஏறாவூர் பஸ்ஸுக்குப் புறப்படுகையில் பரீதா புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்தாள்.

"கடைசிப் பக்கங்கள இண்டைக்கு ராவு எங்கட அவருக்கு வாசிச்சுக் காட்டணும் அக்கா."

தடுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. இந்நேரம் வாசித்திருப்பாள்.