கம்பத்தின் அடியில் தண்ணீர்

ஜூலை 6, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி, வழியும் குழாயிலிருந்து தண்ணீர் பக்கத்துத் திடலில் கொட்டியது. பாஸ்கெட்பால் கம்பத்தின் அடியில் வழக்கம்போலக் குட்டை. ஈரத்தில் பந்து எழும்பாது. அரை மணி நேரமாவது அமைதி. குழாயை அந்தப் பக்கம் திருப்பி ஐந்து வருடமாகிறது. என் கணவர் அப்போது கிழக்கு அறையில் நோயோடு படுத்திருந்தார். பந்து விழும் ஒவ்வொரு சத்தமும் அவர் நெஞ்சில் விழுவதாக எனக்குத் தோன்றும். அவர் போன பிறகும் குழாயைத் திருப்பி வைக்கவில்லை.

காலனிச் சங்கத்துக்கு ஏழாவது புகார்க் கடிதம், அழகம்மா என்று சுத்தமாகக் கையெழுத்திட்டு, இன்று போயிற்று. பந்து என் வீட்டுச் சுவரில் படுகிறது.

ஜூலை 9, புதன்

பந்து தோட்டத்தில் விழுந்தது. எடுக்க வந்தவள் ஒரு பெண். சரண்யாதேவி, ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிறாளாம்.

"பாட்டி, பந்து."

"மேடம்" என்று திருத்தினேன். தினமும் என் உயிரை வாங்கும் இந்த ஆட்டம் என்னதான் என்று கேட்டேன். கான்வென்டில் எங்களுக்கு த்ரோபால் மட்டும்தான்.

சுவரோரம் நின்றே சொன்னாள். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். கையில் பிடித்துவிட்டால் இரண்டு எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. பத்தடி உயரத்து வளையத்தில் போட்டால் இரண்டு புள்ளி. வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று.

"போர்டுக்குக் கீழ பெயின்ட் அடிச்ச கட்டம் இருக்குல்ல மேடம், நம்ம கிட்ட பந்து இருக்கும்போது அதுல மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாது. நின்னா பந்து அவங்களுக்குப் போயிரும்."

"நீ எங்கே நிற்பாய்?"

"அங்கதான். போர்டுல பட்டுத் திரும்புற பந்தைப் பிடிக்கிறது என் வேலை. போவேன், வந்துருவேன். இருபத்தேழாம் தேதி மேட்ச் பார்க்க போலீஸ் டீம்ல இருந்து வாராங்க. பிடிச்சுப் போச்சுன்னா எனக்கு வேலை மேடம்."

விதி உள்ள எதையும் நான் மதிப்பேன். பந்தைக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு – சரண்யா வெளியே வந்துவிடுகிறாள். ஒரு முறைகூடப் பிசகவில்லை.

ராம்கி என்கிற பையன் எம்பி வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். அவன் இறங்கிய பிறகும் கம்பம் ஆடியது. எண்ணினேன். ஏழு வரை.

ஜூலை 14, திங்கள்

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கம்பம் சிமென்டில் இறங்கும் இடத்தில் இரும்பு பொருக்குப் பொருக்காக உரிகிறது. குடையின் முனையால் குத்தினேன். உள்ளே போயிற்று.

ஜூலை 15, செவ்வாய்

எட்டாவது கடிதம். கம்பம் பலமிழந்திருக்கிறது, உடனே அகற்ற வேண்டும். காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதியிருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அந்த வாக்கியம் இல்லாமல் புதிதாக எழுதினேன்.

ஜூலை 18, வெள்ளி

சங்கச் செயலாளர் நல்லகாமன் வந்தார்.

"அக்கா, போன லெட்டர்ல சுவத்துல பந்து படுதுன்னீங்க. அதுக்கு முந்துன லெட்டர்ல பயலுக பேச்சு. இப்ப கம்பமா? இம்புட்டு வெயில் காயுற எடத்துல இரும்பு எப்படிக்கா மக்கும்?"

பதில் என் நாக்கில் இருந்தது. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

மாலையில் ஒருவன் வந்து கம்பம் முழுவதும் வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். புதிது போல இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடிக் காற்று. கோயில் விழாவுக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் – கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டி. அதில் நல்லகாமன் கைகூப்பிச் சிரிக்கிறார். காற்று வரும்போதெல்லாம் அவர் வயிறு புடைக்கிறது. கம்பமும் கூடவே சாய்ந்து நிமிர்கிறது.

குழாயை அடைத்தாயிற்று. இப்போது அடைத்து என்ன?

ஜூலை 26, சனி

நாளை மேட்ச்.

சொன்னால் அவளுடைய வேலை போகும். சொல்லாவிட்டால் –

அவளுக்காகவா யோசிக்கிறேன்? இல்லை. ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொன்ன பொம்பள இப்படிப் பண்ணிட்டாளான்னு நாலு பேரு கேப்பாங்களே, அதுக்குத்தான். என்னடி அழகம்மா, கையெழுத்து சுத்தமா இருந்தாப் போதுமா?

ஜூலை 27, ஞாயிறு

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் பார்த்தேன். பலமான காற்று. சரண்யா உள்ளே போனாள். ஒன்று. இரண்டு. ஃபிளெக்ஸ் படாரென்று அடித்தது. அவள் வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விசில் ஊதினார்கள். கட்டத்தின் நடுவில் போய் நின்றேன்.

ராம்கி கத்தினான்: "மேடம், மூணு செகண்டு தாண்டிருச்சு. பந்து எங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அடங்கும் வரை நின்றேன்.

"ஐந்து வருடமாக இந்தக் கம்பத்தின் அடியில் என் வீட்டுத் தண்ணீர் விழுகிறது. நீங்கள் விளையாடக் கூடாது என்று நான்தான் விட்டேன். உள்ளே இரும்பு இல்லை."

நல்லகாமன் என் குடையை வாங்கி, வெள்ளிப் பெயின்டில் ஒரு குத்து விட்டார். ஒரு சாண் குடை உள்ளே போயிற்று. குடையைத் திருப்பித் தரும்போது அவர் என்னை அக்கா என்று சொல்லவில்லை.

போலீஸ் டீம்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். திடலைப் பூட்டினார்கள். சரண்யா கேட்டுக்கு வெளியே பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் வரும் வரை.

ஜூலை 28, திங்கள்

விடியும் நேரத்தில் ஒரு சத்தம். கம்பம் படுத்துக் கிடக்கிறது. போர்டு அந்தக் கட்டத்துக்குள்தான், குப்புற.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விழுந்த கம்பத்தை எடுத்துவிட்டுத் திடலைத் திறந்துவிட்டார்கள். காய்ந்து வெளுத்திருக்கிறது. புதுக் கம்பம் எப்போது என்று தெரியவில்லை. போலீஸ் டீம் மறுபடி வருமா என்றும் தெரியவில்லை.

நான்கு மணிக்குச் சரண்யா வந்தாள். ராம்கியின் தோளில் ஏறி, திடலைப் பார்த்த என் கிழக்குச் சுவரில், பத்தடி உயரத்தில், சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. ஆறு மணி வரை அதிலேயே எறிந்தாள்.

அவர் படுத்திருந்த கட்டிலில், அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அடியும் முதுகில் வந்து விழுந்தது. தள்ளி உட்காரவில்லை.