விருப்பம் கேட்கும் வேலை

பிப்ரவரி 12, புதன்

இன்றும் நாள் முழுக்கப் போனில் அதே பாட்டுதான். "வணக்கம், புதிய பள்ளித் தேர்வுக் கொள்கை பற்றிப் பெற்றோர்களின் கருத்தைக் கேட்கிறோம்" என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் "பரீட்சை எப்போங்க?" என்கிறார்கள். ஓர் அம்மா, "பாதிப் பாடமே நடத்தல, அதுக்குள்ள என்ன தேர்வு?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நான் என்னவோ கேள்வித்தாள் எடுக்கிறவள் மாதிரி.

பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. இதுவரை வீடு எந்தப் பகுதியிலோ அந்தப் பகுதிப் பள்ளி. இனிமேல் பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். பிள்ளைக்காக அரசு செலவழிக்கிற பணமும் பிள்ளையின் பின்னாலேயே அந்தப் பள்ளிக்குப் போய்விடும். ஆள் குறைந்த பள்ளியை மூடுவார்கள். இந்தக் கடைசி வரியை அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லலாம். யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து வாலுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அண்ணி என்றால் இவருடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், மேல்வீட்டில் இருக்கிறார். தெருமுனைப் பள்ளியில் டீச்சர். வாலு என் மகள். சேட்டைக்கு வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. படிப்பதும் அண்ணியின் வகுப்பில்தான்.

"என்ன சொல்றாங்க உன் பெற்றோர்கள்?"

"பரீட்சை எப்போன்னு கேக்கறாங்க அண்ணி."

படி அதிரச் சிரித்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

வார்த்தையை மாற்றிவிட்டார்கள். இப்போது கேள்வி இது: "உங்கள் பிள்ளையின் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு வேண்டுமா?" டீம் லீடருக்கு ஒரே பெருமை. "இனிமே குழப்பமே இருக்காது பாருங்க."

இல்லைதான். உரிமை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சும்மா கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று. அடுத்த கேள்வி, "வீட்டருகே இருக்கும் பள்ளி தொடர்ந்து நடக்க வேண்டுமா?" அதற்கும் ஆமாம். ரெண்டும் ஒன்றை ஒன்று அடிக்குமே என்று ஒருவரிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "கேக்கறது நீங்க, குடுக்கறது அவங்க. ரெண்டும் வேணும்னு சொல்றதுல எனக்கென்ன நஷ்டம்?" என்றார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. திட்டக்கூட முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 19, புதன்

எங்கே ஆரம்பிப்பது.

எண்ணைக் கம்ப்யூட்டர்தான் போடும். எடுப்பவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. மத்தியானம் ஒரு எண் விழுந்தது. பின்னால் இரும்பு சீவுகிற சத்தம். "ஹலோ" என்ற குரலிலேயே தெரிந்துவிட்டது. இவர்தான்.

தெரிந்தவர் என்றால் வைத்துவிட வேண்டும், அதுதான் விதி. வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? தெரியவில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவீர்களா?

லேத்தை அணைத்தார் போல, பட்டறைச் சத்தம் நின்றது.

"மாத்துவேன்."

"காரணம் சொல்ல முடியுமா?"

"எங்கக்கா அங்கதான் டீச்சர். நல்லா சொல்லிக் குடுப்பாங்க, குறை சொல்லல. ஆனா நானும் அதே ஸ்கூல்லதான் படிச்சேன். இன்னிக்கு லேத்துல நின்னு இரும்பு சீவிட்டிருக்கேன். என் பொண்ணும் இதே தெருவுலயே சுத்திட்டு இருக்கணுமா?" நிறுத்தினார். "எழுதிக்கோங்க. மாத்துவேன்."

"தங்கள் கருத்துக்கு நன்றி" என்றேன். வேறென்ன சொல்வது?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இதைச் சொல்லியிருப்பாரா? எவளோ ஒருத்திகிட்ட சொல்ல வாய் வருது. என்கிட்ட சொன்னா முத்து உதிர்ந்துடுமா?

பிப்ரவரி 20, வியாழன்

அடக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். "நேத்து உங்களுக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வந்துச்சே. நீதானே பேசினே."

"தெரியுமா?"

"உன் குரல் தெரியாதா எனக்கு? தங்கள் கருத்துக்கு நன்றியாம்!" சொன்னாரே தவிரச் சிரிக்கவில்லை. "நானா ஆரம்பிச்சா நீ அக்கா பக்கம் பேசுவே, வீடு ரெண்டாகும். நீயா கேட்டே. சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அதையேதான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது சொன்ன பழி அவருக்கு, நல்ல பேர் எனக்கு. எவ்வளவு சௌகரியம்.

மார்ச் 1, சனி

நாங்கள் கருத்துக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடிக் கட்டடம் வைத்த பெரிய பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இடம் குறைவு, குலுக்கலாம். அண்ணியிடம் சொல்லவில்லை. "விழுந்தா சொல்லிக்கலாம். விழலேன்னா எதுக்கு வீணா மனஸ்தாபம்?" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். வாலுவிடமும் மூச்சு விடவில்லை. அவள் வாயில் தண்ணீர்கூட நிற்காது.

மார்ச் 8, சனி

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். தெருமுனைப் பள்ளியின் கூடத்திலேயே வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் தெரு ஸ்கூட்டர்க்காரம்மாதான் முதலில் எழுந்தது. எதற்கும் முதல் ஆள். "மாப்பிள்ளை பார்க்கறப்ப பத்து இடம் விசாரிக்கறோம். பிள்ளை ஸ்கூலுக்கு மட்டும் ஒரே இடமா? என் பிள்ளை, என் முடிவு." ஒரே கைதட்டல்.

பிறகு வாட்ச்மேன். பக்கத்துக் குடோனில் இரவுக்காவல். "டூட்டி முடிஞ்சு வந்து பையனை நடத்தியே கூட்டிட்டு வந்து இங்க விடறேன். தூரத்துல ஆயிரம் நல்ல ஸ்கூல் இருந்து எனக்கென்ன? நீங்க உரிமை தர்றேங்கறீங்க. எனக்கு வேண்டியது பஸ்ஸுங்க." யாரும் கைதட்டவில்லை.

அதற்கப்புறம் அண்ணி எழுந்தார்.

"போறவங்களை யாரும் கட்டிப்போட முடியாது. போகட்டும். ஆனா அவங்க போனதும் அவங்க பணமும் போயிடும். மிச்சம் இருக்கற பிள்ளைங்க எதைத் தேர்ந்தெடுக்கறது? பூட்டையா?"

ஸ்கூட்டர்க்காரம்மா விடவில்லை. "உங்க வேலை போயிடும்னு பேசறீங்க டீச்சர். சரி, உங்க வீட்டுப் பிள்ளை எங்க படிக்குது?"

"இங்கதான்!" அண்ணி குரலில் அப்படியொரு நிமிர்வு. "என் தம்பி பொண்ணு. என் கிளாஸ்லயே. அவங்க அப்பா அம்மா அதோ உட்கார்ந்திருக்காங்க, வேணும்னா கேட்டுக்கோங்க."

அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கைதட்டினார்கள். இவர் தரையைப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, கை வேறு கூப்பினேன். பாவி.

மார்ச் 9, ஞாயிறு

"முகமே சரியில்லையேம்மா, என்ன?" என்று அண்ணி கேட்டார். தலைவலி என்றேன். தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது: பத்தில் எட்டுப் பெற்றோர் புதிய கொள்கைக்கு ஆதரவு. அதே பெற்றோர்தான் பக்கத்துப் பள்ளியும் வேண்டும் என்றார்கள். அதைப் பற்றி மூச்சில்லை. என் வாயால் கேட்டு என் விரலால் தட்டியது, எங்கே போயிற்று?

டீம் லீடர் ஆபீஸில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தின்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

குலுக்கலில் வாலுவுக்கு விழுந்துவிட்டது. ஸ்கூட்டர்க்காரம்மா பையனுக்கு இல்லை. "உரிமை, உரிமைன்னாங்களேங்க!" என்று வாசலில் நின்று அழுதுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று இவர் இருந்தார். கடைசியில் வாலு சொல்லிவிட்டாள். காலையில்தான் அவளுக்கே சொன்னோம். சொல்லி வாயை மூடுவதற்குள் படியேறி ஓடிவிட்டாள். "அத்தை! எனக்குக் கண்ணாடி ஸ்கூல் கிடைச்சிருக்கு!"

அண்ணி இறங்கி வந்தார். உட்காரவில்லை.

"எப்ப விண்ணப்பம் போட்டீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். "மார்ச் ஒண்ணாம் தேதி அண்ணி" என்றேன்.

"அப்ப, கூட்டத்துக்கு முன்னாடியே."

"அக்கா, நான் என்ன நினைச்சேன்னா..."

"நீ பேசாதடா." பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "போட்டதுக்கு எனக்கு வருத்தமில்ல. உங்க பிள்ளை. ஆனா அன்னிக்கு நான் எழுந்து நின்னு, ஊரே பார்க்க உங்களைக் கைகாட்டினேனே. பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? வேணாம் அண்ணின்னு என் முந்தானையை ஒரு இழு இழுத்திருக்கலாமில்ல?"

நான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது வாலுவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். மாற்றுச் சான்றிதழை இந்த வாரமே வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

வாலுவுக்கு முதல் நாள். விடிந்தும் விடியாமலும் வேன். அரைத் தூக்கத்தில் ஏறினாள். மேல்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

தெருமுனைப் பள்ளியை மூடிவிட்டார்கள். ஒருத்தர் போனதைப் பார்த்து இன்னொருத்தர், கட்டெறும்பு வரிசை மாதிரி. முதல் எறும்பு எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று தெருவுக்கே தெரியும். டீச்சர் வீட்டுப் பிள்ளையே போயிடுச்சு, நாம ஏன் இருக்கணும்? என் காதுபடவே சொன்னார்கள்.

அண்ணிக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ மாற்றல். அங்கேயே ஓர் அறை பார்த்துவிட்டாராம். "ரெண்டு பஸ் மாறினா தினமும் வந்து போயிடலாமே அக்கா" என்று இவர் கெஞ்சினார்.

"வரலாம். எனக்கும் தேர்ந்தெடுக்க ஒண்ணு இருக்கட்டுமே" என்றார்.

சாயங்காலம் வாட்ச்மேனைப் பார்த்தேன். பையனைக் கூட்டிக்கொண்டு வேறெங்கோ அலைகிறார், கண்ணெல்லாம் சிவப்பு. ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று நினைத்தேன். "பாப்பா நல்லா படிக்குதாம்மா?" என்றார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாலு நன்றாகத்தான் படிக்கிறாள். இதை மறைக்காமல் எழுத வேண்டும். இங்கிலீஷில் டக் டக்கென்று பேசுகிறாள், மேடையில் பயமில்லாமல் நிற்கிறாள். பள்ளி மோசமாக இருந்திருந்தால், நமக்கு நன்றாக வேண்டும் என்று அழுதாவது தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

இன்று சாப்பிடும்போது கேட்டாள்: "அத்தை ஸ்கூல் ஒரு டப்பா ஸ்கூல்தானேம்மா?"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

இவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அவளை அடிக்கவில்லை. அவளுக்கு அது எங்கிருந்து தெரிந்திருக்கும்?

நவம்பர் 2, ஞாயிறு

மேல்வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்றாள். வாடகையும் சரிப்பட்டு வந்தது. இறங்கும்போதுதான் கேட்டாள்.

"நடந்து போற தூரத்துல ஸ்கூல் ஏதாவது இருக்காக்கா? பெரியவனைச் சேர்க்கணும்."

இவர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பெல்லாம் எங்க வேணும்னாலும் சேர்க்கலாமே. வேன் வரும்" என்றேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

இவர் மேலே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "வரமாட்டாங்க" என்றார்.

அந்தக் குடும்பத்தைச் சொன்னாரா, அண்ணியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.