அமோர்கோஸ் போகாத தேன்

லாவ்ரியோ, ஜூலை 3

என் செல்லம் எவ்தோக்கியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மெல்போர்னில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நம் தேனுக்கு ‘அமோர்கோஸ் தைம்’ என்று பெயர் பதியக் கேட்டிருந்தோமே, டிரேட்மார்க் ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாங்குகிறவன் அமோர்கோஸ் தீவில் எடுத்த தேன் என்று நம்பி ஏமாந்துபோவானாம். பதிவு இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டோம் என்று ஏதென்ஸ் கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிய பாட்டில்கள் கூடம் முழுக்க அடுக்கிக் கிடக்கின்றன, உன் அப்பா அதற்கு நடுவிலேதான் படுக்கிறார்.

இதில் அவர் செய்த கூத்தைக் கேள். ஆபீஸில் முதலில் விளக்கம் கேட்டபோது, வக்கீலிடம்கூடக் காட்டாமல், வருஷா வருஷம் அங்கே தைம் செடி பூக்கும்போது தேன்பெட்டிகளை லாரியோடு கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோன டிக்கெட்டுகளையெல்லாம் பெருமையாக அனுப்பிவைத்தார். போன டிக்கெட்டும் திரும்பி வந்த டிக்கெட்டும் சேர்த்து. உங்கள் தேனீக்கள் விருந்தாளியாகத்தானே போய் வந்திருக்கின்றன, கடைசி இரண்டு கோடைக்கு அந்த டிக்கெட்டும் இல்லையே என்று ஆபீஸில் இருந்த பெண் அதிகாரி கேட்டுவிட்டாள். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன பிறகு பெட்டிகள் இங்கே நம் லாவ்ரியோ மேட்டை விட்டு நகரவே இல்லை என்பது உனக்குத் தெரியும். “என் தேனீக்கு அந்தத் தீவு தெரியும்டி, அவளுக்கு என்ன தெரியும்” என்று வீடு அதிரக் கத்தினார்.

இப்போது கத்துவதும் இல்லை. பிரேயஸில் என்னோடு அமோர்கோஸில் பிறந்து வளர்ந்த மரியான்தி படுத்த படுக்கையாக இருக்கிறாளே, அவள் மகன் வந்து, நாங்கள் கொடுத்தனுப்பிய தேன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். “அம்மா ஒரு வாய் வச்சுட்டு, இது நம்ம ஊர்த் தேன் இல்லடா, குடுத்துட்டு வான்னுட்டாங்க” என்றான். அன்றிலிருந்து அப்பா ரொட்டியைப் பிட்டுவிட்டுத் தின்னாமல் எழுந்துவிடுகிறார். முகத்துக்கு வலைகூடப் போடாமல் பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறார், நேற்று கண் இரண்டும் வீங்கி வந்தார்.

உன் சித்தப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார். எங்கள் அமோர்கோஸ் வழக்கப்படி அங்கே இருக்கிற என் தாய்வீடு மூத்த மகளுக்கு என்று உன் பெயரில்தானே இருக்கிறது. அங்கேதான் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறோம் என்று வீட்டுக்காரியாக நீ ஒரு கையெழுத்துப் போட்டால் மறுபடி மனுக் கொடுக்கலாமாம். எப்படியாவது அவளைச் சம்மதிக்க வை என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கண்ணே, கையெழுத்துப் போடாதே. பொய்ச் சாட்சி சொல்ல அந்த வீட்டை நான் உனக்குக் கொடுக்கவில்லை. போகட்டும், நம் மேட்டின் பெயரையே வைத்து விற்போம் என்று அப்பாவிடம் சொல்ல என் நாக்கு துடிக்கிறது, அவர் முகத்தைப் பார்த்தால் ஊமையாகிவிடுகிறேன். முடியாது என்று நீயே சொல்லிவிடு. திட்டுவார், வாங்கிக்கொள், நீ தூரத்தில் இருக்கிறாய், நான் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

குழந்தைக்குக் காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அப்பா கேட்டால், கையெழுத்துப் போடச் சொல்லி அம்மா கெஞ்சித்தான் எழுதியிருந்தாள் என்று சொல்.

உன் அம்மா
ஸ்தமாதியா