மேடையில் சொல்லாத பெயர்

என் ராப் பாட்டுக்கார அண்ணனுக்கு,

நேற்று உன் முதல் வருஷ நினைவு நாள். இந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்தது, குறுவை நடவு முடிந்துவிட்டது. நல்ல செய்தி அவ்வளவுதான்.

காளியம்மன் கோயில் திடலில் உன் பாட்டைப் பாட நினைத்தோம். மைக்செட் கட்ட போலீஸ் அனுமதி வேண்டுமே! உன்னை அடித்த ஸ்டேஷனிலேயே போய், அதைப் பாட அனுமதி கேட்டு நின்றேன். இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல? புது இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "தாராளமா பாடுங்கம்மா. மேடையில போலீஸ்காரங்க பேர் மட்டும் வரக்கூடாது" என்றார். டீயைத் தொடாமல் வைத்துவிட்டேன். நமக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

இப்போதெல்லாம் நான் யாரையும் நம்புவதில்லை, அண்ணே. வண்டிச் சோதனையில் லைசென்ஸைக்கூடப் பார்க்காமல், "எந்தத் தெருடா நீ?" என்று கேட்டு உன்னை அறைந்த எஸ்.ஐ.யின் பெயரை நீ பாட்டில் வைத்தாய். பாட்டு எல்லார் போனிலும் ஓடிய அதே வாரம் மேலத்தெருவில் பம்புசெட் மோட்டார் திருடு போனது. பிடித்தது உன்னை. மறுநாள் வலிப்பு வந்து செத்துவிட்டாய் என்றார்கள். உனக்கு என்றைக்கு வலிப்பு வந்தது? மோட்டார் நிஜமாகவே திருடுதான் போனதா?

பிரபா மேலேயும் எனக்குச் சந்தேகம். உன்னோடு சேர்ந்து பாடியவன், பெயர் வரக்கூடாதாம் என்று நான் வந்து சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் "சரிக்கா" என்றான். மஃப்டி போலீஸ்காரனோடு டீக்கடையில் வேறு பார்த்தேன்.

"என்னடா பேசினே அவன்கிட்ட?"

"அவருதான்க்கா பேசினாரு. நான் வடை தின்னேன்."

நேற்றுச் சாயங்காலம் அதே மஃப்டிக்காரன் முன்னால் நின்று போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தான். பிரபா பிரமாதமாகப் பாடினான். சரியாக அந்தப் பெயர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டான். விலை போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

நடவில் முன்னால் பாடுகிறவள் அடியைப் பாதியில் விட்டால் மற்றவர்கள் வாங்கி முடிப்பார்கள் இல்லையா? அம்மாவும் அவளோடு நடவுக்குப் போகும் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். நீ போனதிலிருந்து அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை. மற்றவர்களும் சேர்ந்து சொல்லி, குலவை போட்டார்கள். மேடையில் யாரும் சொல்லவில்லை.

பிறகு பிரபாவைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "அம்மா போட்ட பிளான்க்கா. உனக்குத் தெரிஞ்சா மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்னு சொன்னாங்க" என்று சிரித்தான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

இன்று காலையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். "அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. சும்மா விசாரிக்கத்தான்." உன்னைக் கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். பொம்பளைகளை விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, கேட்பதை வீட்டில் வந்து கேட்கட்டும் என்கிறார் வக்கீல். அவர் சொன்னதையும் நான் இன்னொரு வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடவுப் பெண்களும் ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள்.

உன்னைத் தனியாக அனுப்பிவிட்டோம், அண்ணே. அம்மாவை அனுப்ப மாட்டேன்.

உன் தங்கச்சி,
செல்வி