புது டயர் முன்னால், மொட்டை டயர் பின்னால்

பினாங்கு

அன்புள்ள சோலையம்மாளுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நம் மகன் குருநாதன் ஓட்டும் காரைப் பற்றி நான் எழுதியதற்கு, "முன் சக்கரந்தானே திரும்புது, பின் டயரு தேஞ்சதுக்கு ஏன் இம்புட்டுப் பயப்படுறீக?" என்று கேட்டாயே. சென்ற வாரம் விடை கிடைத்தது.

நான் பாடம் சொல்லும் வீட்டுக் காரிலும் முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர். மழையில், வளைவில் முன்பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் வழுக்கி வண்டியையே சுழற்றிவிட்டது. குதிகால் தேய்ந்த செருப்போடு பாசியில் நடப்பதுபோலத்தான். எனக்குக் கையில் சிறிய கட்டு. ஓட்டிய சோணை இன்னும் எழுந்து நடக்கவில்லை.

குருநாதன் ஓட்டும் அந்தக் கல்யாண வாடகைக் காரைப் பற்றி அவன் முதலாளிக்கு மறுபடி எழுதினேன். "கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறவுகளுக்கு முன் சக்கரந்தானய்யா தெரியும்" என்று பதில் வந்தது. இனி அவர் மாற்றமாட்டார். இவனாலும் வேலையை விடமுடியாது.

கொஞ்சம் நல்லெண்ணெய் அனுப்பு. தேய்த்துவிடத்தான் ஆளில்லை. தபாலுக்கு நேரமாகிறது.

மழை நாளில் அவன் புறப்படுமுன் பின் டயரைக் கையால் தடவிப் பார். வழவழவென்றிருந்தால் வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்.

முத்துராமலிங்கம்